வீட்டிலேயே பழக்கன்று உருவாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் கொல்லை இருக்கிறது. அதில் மா, கொய்யா, சப்போட்டா என்று நானே ஒட்டுக் கட்டியும் (ஒரு மரத்தின் குச்சியை இன்னொரு கன்றில் சேர்த்து வளர்ப்பது) பதியன் போட்டும் (கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் வரவைப்பது) வளர்த்த மரங்கள்தான் அதிகம். இது தெரிந்தவர்கள் போச்சம்பள்ளிச் சந்தையில் பார்த்தாலும் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தாலும் கேட்பார்கள். கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதிவைக்கிறேன்.

நல்ல மல்கோவா சாப்பிட்டுட்டு கொட்டையை நட்டா அதே மல்கோவா வருமாங்க?

வராது. கொட்டைக்குள் இருப்பது தாய் மரத்தின் நகல் கிடையாது. எங்கிருந்தோ வந்த மகரந்தமும் சேர்ந்து உண்டான புதுப் பிள்ளை. அப்பா யார் என்று தேனீக்கும் ஈக்கும்தான் தெரியும். நம் மாவட்டத்தில் விளையும் பெங்களூரா, செந்தூரா, நீலம், மல்கோவா, அல்போன்சா எல்லாவற்றிலும் ஒரு கொட்டைக்கு ஒரே முளைதான். அந்த முளை எப்படிப் பழுக்கும் என்பது காய்த்த பிறகுதான் தெரியும். அதற்கும் ஆறேழு வருடம், சில மரங்களுக்குப் பத்து வருடம்கூடக் காத்திருக்க வேண்டும்.

கேரளக் கரையோரத்தில் ஒலூர், சந்திரக்காரன் மாதிரிச் சில வகைகள் உண்டு. அவற்றில் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் வரும். அந்த முளைகளில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே உண்டாவதால் தாய் மாதிரியே காய்க்கும். நம் ஊர்க் கொட்டையிலும் அப்படி நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

அப்போ எதைத்தான் விதையில வளர்க்கலாம்?

எலுமிச்சையை தாராளமாக வளர்க்கலாம். ஒரு விதையில் இரண்டு மூன்று முளை வரும். மேலே சொன்ன காரணத்தால் அவற்றில் பெரும்பாலானவை தாயைப் போலவே இருக்கும். நாவலும் அதே ரகம்தான், ஆனால் காய்க்க எட்டு பத்து வருடம் ஆகும். பப்பாளிக்கு விதையை விட்டால் நடைமுறையில் வேறு வழி இல்லை. நாட்டுப் பப்பாளி என்றால் ஆண் மரம், பெண் மரம் என்று பிரியும். அதனால் ஒரு குழிக்கு மூன்று கன்று வைத்து, பூ வந்ததும் பார்த்துக் கழித்துவிட வேண்டும்.

சீத்தா விதையில் வந்தாலும் பெரிதாக ஏமாற்றாது. நம் பக்கத்து மலைச் சரிவுகளில் யாரும் நடாமலே மண்டிக் கிடப்பது எல்லாம் விதையில் வந்ததுதானே. ஒருநாள் ஊறவைத்து விதையுங்கள். முளைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், பொறுமை வேண்டும். பலாவில் தாய் மாதிரி வரும் என்று உறுதி இல்லை. சுளை மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, நிழலும் கறிக்குப் பிஞ்சும் கிடைத்தால் போதும் என்பவர்கள் நடலாம்.

கொட்டையைக் காயவச்சு, அடுத்த மழைக்கு நட்டேன். ஒண்ணுகூட வரலை.

நெல், ராகி மாதிரிக் காயவைத்து எடுத்து வைக்கிற விதை இல்லை இது. மா, பலா, நாவல், எலுமிச்சை எல்லாமே ஈரத்தோடு இருக்கும்போதே நட வேண்டியவை. காய்ந்தால் செத்துவிடும். மாங்கொட்டைக்கு அதிகம் போனால் ஒரு மாதம். நாவல் விதை பத்துப் பதினைந்து நாளிலேயே கெட்டுவிடும்.

மாங்கொட்டையைக் கழுவித் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தூக்கிப் போடுங்கள். மேல் ஓட்டை ஓரமாகக் கத்தி வைத்து நெம்பி எடுத்துவிட்டு உள்பருப்பை மட்டும் நட்டால் சீக்கிரம் முளைக்கும், உள்ளே வண்டு குடைந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இப்படி முளைக்கும் நாட்டுக் கன்றுகளை வீணாக்காதீர்கள். பின்னால் ஒட்டுக் கட்ட இவைதான் வேர்ச்செடி, அதாவது கீழே வேர் கொடுக்கும் கன்று.

குச்சியை ஒடிச்சு நட்டா வேர் பிடிக்கிற மரம் எது?

மாதுளை, அத்தி, முசுக்கட்டை, திராட்சை. இந்த நான்கிலும் பென்சில் கனத்தில் முற்றிய குச்சியாக, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி நட்டால் போதும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குக் கீழே நேராகவும், மேல்பக்கத்தைச் சாய்வாகவும் வெட்டுங்கள். தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க இது ஒரு அடையாளம். சிரிக்காதீர்கள், இருபது குச்சி வெட்டிக் கீழே போட்ட பிறகு எது தலை எது கால் என்று நானே குழம்பியிருக்கிறேன்.

கொய்யா, மா, சப்போட்டாவை இந்த வழியில் முயன்று பார்க்க வேண்டாம். வேர் ஊக்கியும் பனிப்புகை மாதிரி நீர் தெளிக்கும் கூடாரமும் வைத்திருப்பவர்கள் கொய்யாவில் செய்துவிடுகிறார்கள். வீட்டுக் கொல்லையில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது.

மாதுளைக் குச்சி நல்லா துளிர்த்துச்சு. ரெண்டு வாரத்துல கருகிடுச்சு. என்ன தப்பு?

துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று நினைத்து வெயிலில் தூக்கி வைத்திருப்பீர்கள். குச்சிக்குள் ஏற்கெனவே இருக்கிற சத்தை வைத்தே அது துளிர்த்துவிடும்; வேர் அதற்கு அப்புறம்தான். அந்த இடைவெளியில் இலை தண்ணீரை வெளியேற்றும், உறிஞ்சிக் கொடுக்கக் கீழே ஒன்றும் இருக்காது. இரண்டாவது கொத்து இலை வரும்வரை நிழலிலேயே இருக்கட்டும். வேர் வந்ததா என்று தினம் ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்க்கிற ஆசையும் வேண்டாம்.

கொய்யாவுக்குப் பதியன்னு சொல்றாங்களே, எப்படிப் போடறது?

புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரையும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன். தவறு செய்தாலும் ஒரு கிளைதான் போகும். நன்றாகக் காய்க்கும் மரத்தில் ஒரு வயது ஆன, பென்சில் கனமுள்ள, வெயில் படும் கிளையைத் தேர்ந்தெடுங்கள். நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து எடுங்கள். உரித்த இடத்தில் வழவழப்பாக ஒரு படலம் இருக்கும். அதைக் கத்தி முதுகால் சுரண்டிவிட வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். அந்தப் படலம் மிச்சமிருந்தால் மரம் பட்டையை மறுபடி வளர்த்து இணைத்துக்கொள்ளும், வேரே விடாது.

வேர் ஏன் வருகிறது என்றால், இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறும். பட்டையை மட்டும் எடுத்துவிட்டால் கிளைக்குத் தண்ணீர் தடையில்லாமல் போகும், உணவு மட்டும் வெட்டின இடத்தில் தேங்கும். தேங்கின இடத்தில் வேர் கிளம்பும். ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவை ஒரு கைப்பிடி வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, இரண்டு முனையையும் காற்றும் மழைத்தண்ணீரும் புகாமல் இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே தெரிகிற தாளாக இருந்தால் வேர் வருவதை வெளியிலிருந்தே பார்க்கலாம்.

ஐந்தாறு வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். அது லேசாகப் பழுப்பு நிறத்துக்கு மாறும்வரை விடுங்கள். பிறகு கட்டுக்குக் கீழே பாதி மட்டும் வெட்டி ஒரு வாரம் விட்டு, அதற்கப்புறம் முழுதாக வெட்டி எடுத்துக் கவரில் நட்டு, இலையில் பாதியைக் கிள்ளிவிட்டு, ஒரு மாதம் நிழலில் வையுங்கள். இப்படி வந்த கொய்யா இரண்டாம் வருடமே காய்க்கப் பார்க்கும்.

வெட்டின இடத்துல தேன் தடவணும், கத்தாழை தடவணும்னு வீடியோவுல சொல்றாங்களே?

தேனில் வேரை வரவைக்கும் சத்து ஒன்றும் இல்லை. கிருமியைத் தடுக்கும் என்பது வேறு விஷயம். கற்றாழை தடவியும் தடவாமலும் கொய்யாப் பதியன் போட்டுப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐ.பி.ஏ. என்கிற வேர் ஊக்கித் தூள் உண்மையிலேயே வேலை செய்யும். உரக்கடையில் கிடைத்தால் வாங்கி, வளையத்தின் மேல் ஓரத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். அதிகம் அப்பினால் வெந்துவிடும். மாதுளைக்கும் கொய்யாவுக்கும் அதுவும் இல்லாமலே நடக்கும்.

மா ஒட்டு கட்டறதுக்கு கைராசி வேணுமாமே. எங்களுக்கெல்லாம் வருமா?

போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் சந்தூர் வட்டாரத்தில் மாங்கன்று உற்பத்தியே தொழில். அங்கே ஒட்டுக் கட்டுகிறவர்கள் பேசிக்கொண்டே கட்டுவதைப் பார்த்தால் கைராசி என்றுதான் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனித்தால் வேறு மூன்று விஷயம் தெரியும்: பிளேடு புதிது, குச்சி அன்று வெட்டியது, மாதம் சரியான மாதம். என் முதல் வருடம் முப்பது கட்டி நான்குதான் பிழைத்தது. அன்றைக்கு என்னையும் கைராசி இல்லாதவன் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். கட்டினது சித்திரை வெயிலில், பழம் நறுக்கும் கத்தியில்.

வீட்டுக்கு ஏற்றது ஆப்பு ஒட்டு. கொட்டையில் வந்த கன்று பென்சில் கனம் வந்ததும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இன்னும் பச்சையாக இருக்கும் இளந்தண்டில் தலையை வெட்டுங்கள். நடுவில் ஒன்றரை அங்குல ஆழத்துக்குப் பிளந்துவிடுங்கள். அதே கனமுள்ள தாய்க்குச்சியின் (நமக்கு வேண்டிய வகை மரத்தில் வெட்டிய குச்சி) அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கி, பிளவுக்குள் செருகுங்கள். பட்டைக்கு அடியில் பச்சையாக ஒரு மெல்லிய படலம் இருக்கிறதே, பதியனில் சுரண்டி எடுத்தோமே, அதேதான். இங்கே அதுதான் இரண்டையும் ஒட்டவைக்கப்போகிறது. குச்சி மெலிந்திருந்தால் நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாக நகர்த்தி, ஒரு பக்கப் படலமாவது நேருக்கு நேர் சேரும்படி வையுங்கள். பிளாஸ்டிக் பட்டையால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுங்கள். சீவின இடத்தில் கை படக்கூடாது, ஒரே இழுப்பில் சீவ வேண்டும். சீவிச் செருகிக் கட்டுவதற்குள் காய்ந்துவிட்டால் கதை முடிந்தது. முதலில் புங்கன் குச்சியிலோ வேப்பங்குச்சியிலோ ஐம்பது தடவை சீவிப் பழகுங்கள்.

மேல் குச்சி காயாமல் இருக்கக் குச்சி ஐஸ் கவர் ஒன்றைத் தொப்பி மாதிரி மாட்டி, கீழே நூலால் கட்டுங்கள். துளிர் வந்து கவரை முட்டும்போது எடுத்தால் போதும். மூன்று நான்கு வாரம் பச்சையாகவே இருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

தாய்க்குச்சி எந்தக் கிளையில எடுக்கணும்?

காய்த்துப் பார்த்த மரத்தில், வெயில் படும் வெளிப்பக்கத்தில், மூன்று நான்கு மாதம் வயதான நுனிக்குச்சி. பூ வந்த நுனி ஆகாது. கட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, மரத்தில் இருக்கும்போதே, காம்பைக் கொஞ்சம் விட்டு இலைகளை வெட்டிவிடுங்கள். அந்த நாட்களில் நுனி மொட்டு உப்பிக்கொண்டு வரும், மிச்சக் காம்பு தொட்டால் உதிரும். அப்போது நான்கைந்து அங்குல நீளத்துக்கு வெட்டி எடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்தப் பத்து நாள் வேலையைத்தான் யாரும் வீடியோவில் காட்டுவதில்லை.

எந்த மாசம் கட்டலாம்?

ஆடி, ஆவணி, புரட்டாசி. காற்றில் ஈரம் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. பங்குனி, சித்திரையில் கட்டுவது காய்ந்த குச்சியைக் கட்டுவதற்குச் சமம். மார்கழிக் குளிரில் மரம் உறங்கும், அப்போதும் பிடிக்காது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர் சீக்கிரம் வரும் என்பதால் அங்கே ஐப்பசி வரை இழுக்காதீர்கள். பதியனுக்கும் இதே மாதங்கள்தான்.

சப்போட்டாவை சப்போட்டா விதைக் கன்றுலயே கட்டலாமா?

கட்டலாம், ஆனால் நர்சரிக்காரர்கள் பாலா மரத்துக் கன்றில்தான் கட்டுவார்கள். இரண்டும் ஒரே குடும்பம், வறட்சியைத் தாங்கும், மரமும் நன்றாக வரும். பாலாக் கன்று கட்டுகிற கனம் வர ஒன்றரை இரண்டு வருடம் எடுக்கும் என்பதுதான் சங்கடம். சப்போட்டாவை வெட்டினால் பால் வடியும்; துணியால் ஒற்றிவிட்டுக் கட்டுங்கள். அவசரப்படாதவர்களுக்கு நெருக்கு ஒட்டு சுலபம். பாலாக் கன்றைத் தொட்டியோடு தூக்கிச் சப்போட்டாக் கிளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டிலும் ஒரு விரல் நீளம் பட்டையோடு சீவி, முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டிவிடுவது. இரண்டும் தன் தன் வேரில் இருப்பதால் எதுவும் காயாது. இரண்டரை மூன்று மாதம் கழித்துப் பிரிக்கலாம்.

சாத்துக்குடியை ஏன் எலுமிச்சை மாதிரி விதையில போடக் கூடாது?

போடலாம், முள்ளும் உயரமுமாக வளர்ந்து பல வருடம் கழித்துத்தான் காய்க்கும். அதனால் காட்டு எலுமிச்சை வகைக் கன்றில் கண் ஒட்டு வைப்பார்கள். இலைக்கக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு மொட்டைப் பட்டையோடு கேடயம் மாதிரி எடுத்து, வேர்ச்செடியின் பட்டையைப் பிளந்து உள்ளே செருகிக் கட்டுவது அது. ஒன்றில் கவனம் வேண்டும்: இலை மஞ்சளாகத் திட்டுத்திட்டாக இருக்கும் மரத்தில் மொட்டு எடுக்காதீர்கள். சாத்துக்குடி வகைகளில் வரும் பச்சையாகும் நோய் ஒட்டு வழியாகவே கன்றுக்கு வந்துவிடும், மருந்து அடித்துப் போகாது. மாவிலும் பூங்கொத்து உருண்டையாகச் சுருங்கிக் கிடக்கும் மரத்தைத் தாயாக எடுக்காமல் இருப்பது நல்லது.

ஒட்டு மாங்கன்றுன்னு காசு குடுத்து வாங்கினேன். இப்போ நார் மாங்காய் காய்க்குது. ஏமாத்திட்டாங்களா?

இருக்கலாம், ஆனால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். எனக்கும் இது நடந்தது. இமாம் பசந்த் என்று வாங்கி வந்த கன்று ஐந்தாம் வருடம் புளிப்பும் நாருமாகக் காய்த்தது. நர்சரிக்காரரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். பிறகு அடிமரத்தைக் குனிந்து பார்த்தால், ஒட்டுக் கட்டின இடத்துக்கு மேலே ஒரு காய்ந்த கட்டை, கீழேயிருந்து கிளம்பின கிளைதான் மரமாகியிருந்தது. அதாவது நாட்டு வேர்ச்செடி மேலே வந்துவிட்டது. நான்தான் “எவ்வளவு செழிப்பாகத் துளிர்க்கிறது” என்று அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை நகத்தால் கிள்ளும் பருவத்திலேயே எடுத்துவிட வேண்டும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே அரை அடியாவது தெரிய வேண்டும். சுற்றின பிளாஸ்டிக் பட்டையை மூன்று மாதம் கழித்து அவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் தண்டு பெருக்கும்போது கழுத்தை இறுக்கிக் காற்றில் ஒடிந்துவிடும். உங்கள் நார் மரத்தை வெட்டிப் போட வேண்டாம், கீழே வழி சொல்கிறேன்.

வேப்பமரத்துல மா ஒட்டு கட்டினா பூச்சி வராதாமே? தென்னைக்கு ஒட்டு உண்டா?

இரண்டுமே இல்லை. ஒட்டுப் பிடிக்க நெருங்கின உறவு வேண்டும். மாவோடு மா, எலுமிச்சையோடு நாரத்தை, சப்போட்டாவோடு பாலா சேரும். வேம்பும் மாவும் வேறு வேறு குடும்பம். தென்னை, பனை, பாக்கு, வாழையில் பட்டைக்கு அடியில் நாம் சொன்ன அந்தப் பச்சைப் படல வளையமே கிடையாது. ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஒரே மரத்துல அஞ்சாறு வகை மாம்பழம் காய்க்க வைக்கலாமா?

நன்றாகவே வைக்கலாம். உத்தரப் பிரதேசம் மலிஹாபாத்தில் கலீமுல்லா கான் என்பவர் ஒரே மாமரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட வகைகளை ஒட்டியிருக்கிறார். 2008-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நமக்கு மூன்று நான்கு போதும்.

மேலே சொன்ன நார் மாமரத்துக்கும் இதுதான் வழி. அறுவடை முடிந்து மழை தொடங்கும்போது கிளைகளை நெஞ்சு உயரத்தில் அறுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் அறுக்காமல் மரத்துக்கு மூச்சுவிட ஒன்றிரண்டு கிளை மிச்சம் வையுங்கள். வெட்டின இடத்தில் கொத்தாகத் துளிர் வரும். கிளைக்கு இரண்டு மூன்று விட்டு மற்றதைக் கழித்து, பென்சில் கனம் வந்ததும் ஆப்பு ஒட்டுக் கட்டுங்கள். பெரிய மரத்தின் வேர் இருப்பதால் இரண்டு மூன்று வருடத்தில் காய் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: வேகமாக வளரும் வகை பக்கத்துக் கிளையின் வகையை அமுக்கிவிடும், வருடா வருடம் கவாத்து (கிளை கழிப்பது) வேண்டும்.

நட்ட வருஷமே பூத்துடுச்சு. விடலாமா?

கிள்ளிவிடுங்கள். முதல் மூன்று வருடம் மரம் வளரட்டும். மனசு கேட்கவில்லை என்றால் ஒரே ஒரு காயை விட்டு வகை சரிதானா என்று பார்த்துக்கொள்ளலாம், நானும் அப்படித்தான்.

போர் தண்ணி ஊத்தினா இலை நுனி கருகுது.

நம் பக்கம் பல போர்களில் உப்பு அதிகம். பெரிய மரம் தாங்கும், கவரில் இருக்கும் கன்று தாங்காது. மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளில் குடிக்கிற குடம் போக மிச்சத்தில் ஒரு சொம்பு ஊற்றினாலும் போதும். மண் கலவையில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கின தொழுவுரம் ஒன்று. மக்காத சாணம் போட்டால் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி.

நாலு கன்னு அதிகமா வந்துடுச்சு. வித்துக்கலாமா?

அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதில் தப்பில்லை. கடை போட்டு விற்பதாக இருந்தால் நாற்றங்காலுக்கு விதை விற்பனை உரிமம் வாங்க வேண்டும், தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

எங்க தாத்தா வச்ச மாமரம், ரோடு போடறதுக்கு வெட்டப் போறாங்க. அதே மரத்தைக் காப்பாத்த முடியுமா?

முடியும். விதையில் வருவது பிள்ளை என்று முதல் கேள்வியில் சொன்னேன். ஒட்டில் வருவது பிள்ளை இல்லை, அதே மரம்தான், வேர் மட்டும் மாறியிருக்கும். வயதான மரத்தில் இருக்கும் சிக்கல், நுனிகள் மெலிந்து, ஒட்டுக்கு ஆகிற குச்சி அதிகம் கிடைக்காது. மூன்று நான்கு மாதம் அவகாசம் இருந்தால் வெயில் படுகிற ஒரு கிளையை இப்போதே அறுத்துவிடுங்கள், கொழுத்த துளிர் வரும். வேர்ச்செடி உங்களிடம் தயாராக இருக்காது. யாராவது நர்சரியில் ஒட்டுக் கட்டாத நாட்டு மாங்கன்றாகவே கேட்டு இருபது வாங்கி வையுங்கள், விலை குறைவுதான்.

வெட்டுகிற தேதி தெரிந்தால் அதற்குப் பத்து நாள் முன்னால் இலைகளைக் கழித்துவிடுங்கள். தேதி சொல்லாமல் திடீரென்று வந்துவிட்டார்கள் என்றால் விழுந்த மரத்திலிருந்தே அன்றைக்கே குச்சிகளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு நிழலில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். இருபதும் கட்டுங்கள், ஐந்தாறு பிழைத்தாலும் அண்ணன் தம்பி வீட்டுக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம். கட்டத் தெரியவில்லை என்றால் குச்சியை எடுத்துக்கொண்டு அன்றே சந்தூர் பக்கம் போய்விடுங்கள், கூலிக்குக் கட்டிக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள்.